சுண்டெலி என்ற பெயரில் எழுதியவர்

அக்காவிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. "ஆர் சொன்னது?" என்பார். சொன்னவரின் பெயரைச் சொன்னால், "அவருக்கு ஆர் சொன்னது?" என்பார். இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், அடியில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். செய்தி கொண்டுவந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். அக்காவுக்கு அது விளையாட்டு.

இதனால் அவருக்கு நிறைய எதிரிகள். அதில் முக்கால்வாசிப் பேர் அவர் முகத்தையே பார்த்திராதவர்கள். கனடா, லண்டன், நோர்வே என்று சிதறிக் கிடந்த நம்மவர்கள் கூடும் ஓர் இணையக் கருத்துக்களம் இருந்தது. அதில் தொழில்நுட்பச் செய்திகளுக்கென்று ஒரு பகுதி. அங்கே அவர் 'சுண்டெலி' என்ற பெயரில் எழுதினார். பெயர் கேட்டபோது கை கணினி மவுஸில் இருந்ததாம். அதையே தமிழில் அடித்துவிட்டாராம். களத்தில் எல்லோரும் அவரை ஆண் என்றே நினைத்து, "சுண்டெலி அண்ணை" என்று விளித்தார்கள். அவர் திருத்தவில்லை.

"பொம்பிளை எண்டு தெரிஞ்சால் நான் கேட்டதுக்குப் பதில் சொல்லமாட்டினம். சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பினம்," என்பார்.

நாங்கள் இருவரும் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரே போர்டிங் வீட்டில் தங்கியிருந்தோம். கண்டி டவுனில் ஒரே கம்பெனியில் வேலை. அவர் கணக்குப் பிரிவில், நான் வரவேற்பு மேசையில். நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துக்காரி. அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணம். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்கள் இருந்த வாடகை வீடு எரிந்தது. தண்ணீர்த் தாங்கியில் தமிழர் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று தெருவில் யாரோ ஒரு கதையைக் கட்டிவிட, பொழுது சாய்வதற்குள் வீடு போய்விட்டதாம். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் போய்ப் படித்து, வேலைக்காக மறுபடி கண்டிக்கு வந்தவர். அந்தத் தண்ணீர்த் தாங்கிக் கதைதான் அவரை இப்படி ஆக்கிவிட்டது என்று நான் நினைத்தேன். ஒருநாள் சொல்லியும் பார்த்தேன்.

"விசர்க் கதை கதையாத பிள்ளை," என்றார். "நான் அதுக்கு முதலே இப்பிடித்தான். சின்ன வகுப்பில நிலவில பாட்டி இருக்கிறா எண்டு சொன்ன ரீச்சரோட சண்டை பிடிச்சனான்."

சமாதானப் பேச்சு முறிந்து மீண்டும் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்குவார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்தபடியே நடமாடிய வருடங்கள். அந்த வருடங்களில்தான் அக்கா மாலையில் பஸ் ஏறுமுன் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்து, போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் இருந்த கணினியில் உட்கார்ந்து, உலகத்தோடு சண்டை பிடித்தார்.

தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிளைத் தமிழ் இளைஞன் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒருநாள் களத்தில் பெரிய கொண்டாட்டம். கனடாவிலிருந்து மின்னல்வேந்தன் என்ற பெயரில் எழுதுபவர்தான் கொண்டுவந்திருந்தார். அந்தப் பகுதிக்கே அவர்தான் ராஜா. பொறியியலாளர் என்று எல்லாப் பதிவின் அடியிலும் போட்டுக்கொள்வார். அக்கா எழுதினார்: "நல்ல செய்தி. எங்கள் போர்டிங்கில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சைக்கிள் தண்ணீரில் ஓடினால், மிச்சமாகும் பெற்றோலை அனுப்பி வையுங்கள், குளிக்கிறோம். அந்த இளைஞனின் ஊர் எது?" ஊர் வரவில்லை. அறிவுரைதான் வந்தது.

கணினிக்கு மிகப் பொருத்தமான மொழி தமிழ்தான் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்துவிட்டார்கள் என்று அதே மின்னல்வேந்தன் இன்னொரு நாள் எழுதினார். "அப்படியானால் உங்கள் பதிவில் பாதி ஏன் எனக்குச் சதுரம் சதுரமாகத் தெரிகிறது?" என்று அக்கா கேட்டார். அதற்காக அவரைத் தமிழ்த் துரோகி என்று ஏழெட்டுப் பேர் திட்டினார்கள். அக்கா கதிரையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"விடுங்கக்கா, யாரோ எழுதிட்டுப் போறாங்க. நமக்கு என்ன?" என்றேன்.

"போகட்டும். ஆனால் பொய்யை இஞ்ச இறக்கி வைச்சிட்டுப் போறான் பார். அதை ஆர் கூட்டிறது?"

கம்பெனியிலும் அப்படித்தான். எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்தவர், நெற்றியில் விபூதியும் வாயில் ஆங்கிலமுமாக இருப்பவர். கணினியில் கரடிப் படம் போட்ட ஒரு கோப்பு இருந்தால் அது கொடிய வைரஸ், உடனே அழியுங்கள் என்று அவர் அலுவலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்பினார். எல்லோரும் பயந்து அழித்தார்கள். அது கணினியோடு வரும் சாதாரணக் கோப்பு, இது பழைய புரளி என்று அக்கா அவருக்கும், கூடவே எல்லோருக்கும் பதில் அனுப்பினார். தனியாக அனுப்பியிருக்கலாம். அது அக்காவுக்கு வராது. அன்றிலிருந்து மனேஜர் அக்காவைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பிறகு சிவப்பு நம்பர் கதை வந்தது. கைத்தொலைபேசியில் சிவப்பு நிறத்தில் ஒரு நம்பர் வரும், எடுத்தால் காது வழியாக ஏதோ அலை பாய்ந்து மூளை வெடித்துச் செத்துப்போவீர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தோட்டத்திலிருந்து என் அம்மாவே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். மின்னல்வேந்தன் அந்தக் கதையை ஆங்கிலத்தில் இருந்தபடியே எடுத்துக் களத்தில் ஒட்டி, அலைக்கற்றை, அதிர்வெண் என்று கீழே விளக்கமும் எழுதியிருந்தார். அக்காவின் பதில் ஒரே வரி: "அந்த நம்பர் தெரிந்தால் தயவுசெய்து எனக்குத் தாருங்கள், எங்கள் மனேஜருக்குக் கொடுக்க வேண்டும்."

இதுதான் அவர் செய்த குற்றம். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

இணையத்துக்கு மணிக்கணக்கில் காசு. அதனால் நீளமான விவாதங்களை ஒரு பிளொப்பியில் பதிந்துகொண்டு போய், மத்தியான இடைவேளையில் கம்பெனிக் கணினியில் வாசிப்பது அக்காவின் வழக்கம். ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். பைகளைத் திறந்தார்கள். என் அட்டையில் புசல்லாவை என்று இருந்தது, தள்ளி நிற்கச் சொன்னார்கள். அக்காவின் அட்டையில் யாழ்ப்பாணம். பையில் பிளொப்பி. "இதில் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான் ஒரு சிப்பாய்.

"பகிடி," என்றார் அக்கா, அவரும் சிங்களத்திலேயே. உண்மையைத்தான் சொன்னார்.

பொலிஸ் நிலையத்துக் கணினியில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் களத்தை வாசிக்க அதற்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும். அது இல்லாத கணினியில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கலைந்து தெரியும். 'வணக்கம்' என்பதே ஏதோ பூட்டுக்கு எண் போட்டதுபோல இருக்கும். பக்கம் பக்கமாக அப்படி. நடுவில் மின்னல்வேந்தன் ஒட்டிய ஆங்கிலம் மட்டும் பளிச்சென்று: இந்த நம்பரிலிருந்து அழைப்பு வரும், எடுப்பவர் அந்த இடத்திலேயே சாவார். அதற்குக் கீழே மறுபடியும் அரைப்புள்ளிகள். சங்கேத மொழியில் கொலைத் திட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் மத்தியானம் நிலையத்துக்கு ஓடினேன். சிங்களம் எனக்கு நன்றாக வரும். "சார், அது தமிழ். எழுத்துரு இல்லாததால்தான் அப்படித் தெரிகிறது," என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"தமிழ் எனக்குத் தெரியாதா? வட்டம் வட்டமாக இருக்கும். இது ஆங்கில எழுத்து," என்றார் அவர். கொழும்பிலிருந்து நிபுணர் வருவார் என்றார். நிபுணர் அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அப்போதுதான் எனக்குக் களத்தின் ஞாபகம் வந்தது. எத்தனை பொறியியலாளர்கள், எத்தனை கலாநிதிகள்! நானாவின் கடையில் உட்கார்ந்து, என் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, தட்டித் தடவி ஒரு பதிவு எழுதினேன். சுண்டெலியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்த எழுத்துருவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் விளக்கம் எழுதி, பெயரும் பதவியும் போட்டு யாராவது அனுப்புங்கள், நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது பதில்கள் குவிந்திருந்தன. இதனால்தான் பழைய எழுத்துருவை விட்டு யூனிகோட்டுக்கு மாற வேண்டும் என்று தான் அப்போதே சொன்னதாக ஒருவர். யூனிகோட்டில் தமிழுக்கு அநீதி நடந்திருக்கிறது, அதை ஏற்கவே முடியாது என்று மின்னல்வேந்தன். அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு மறுப்பு. அட்டவணை போட்டு, அம்புக்குறி போட்டு வாதாடியிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்கு மட்டும் ஒரு ஆளில்லை. பொலிஸ் நிலையத்து மர வாங்கில் ஒரு உயிர் உட்கார்ந்திருந்தது. இவர்கள் எழுத்தின் கொம்புக்கும் காலுக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கணினிக்கு முன் அழுததை நானா பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன். தாடியைத் தடவினார்.

"நான் வந்து நின்டா என்ட கடையத்தான் முதல்ல நோண்டுவாங்க. புள்ளகுட்டி ஈக்கி எனக்கு," என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளொப்பியை எடுத்தார். "எழுத்துரு இதுல ஈக்கி. நடங்க, போவம். செல்ற மாதிரி செல்லிப் பாப்பம்."

நானாவை அவர்கள் அன்று முழுக்க வெளியே நிறுத்தி வைத்தார்கள். நிபுணர் வராத எரிச்சலில் கடைசியில் உள்ளே விட்டார்கள். அவர் எழுத்துருவை ஏற்றினார். அரைப்புள்ளிகள் எல்லாம் கண்முன்னே தமிழாகின. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அக்காவையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மோட்டார் சைக்கிளும் பெற்றோல் குளியலும் வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். மனேஜருக்கு நம்பர் வேண்டும் என்ற வரி வந்ததும் இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"அந்த நம்பரை எனக்கும் கொடு மிஸ், எங்கள் பெரியவருக்கும் தேவைப்படுகிறது!"

அறை முழுக்கச் சிரித்தது. எனக்கும் ஆறுதலில் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இதையே நான் சொன்னதற்கு இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தீர்கள். இப்போது நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை எங்கே வைப்பது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சிரிப்பு நின்றது. நானா என் கையைப் பிடித்து அழுத்தினார். நல்லவேளை, இன்ஸ்பெக்டர் வாசலைக் காட்டிவிட்டார்.

போர்டிங்குக்கு வந்தபோதுதான் கவனித்தேன். அக்காவால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாருவதற்கு என்னிடம் சீப்பைத் தந்தார்.

"அடிச்சாங்களாக்கா?"

"இல்லை. வாங்கில நித்திரை கொண்டது. தசை பிடிச்சிட்டுது."

நான் வேறொன்றும் கேட்கவில்லை. ஆர் சொன்னது, எப்படித் தெரியும் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கேட்டுப் பழகியவரிடம் என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனோம். மனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். மனேஜரையும் நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பெண் எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள், இவளைப் பற்றித் தனக்கு முதலே சந்தேகம் இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கதவு திறந்தே இருந்தது. வரவேற்பு மேசைக்கு எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, நானும் தமிழன் தானே. என்ர நிலைமையையும் யோசிச்சுப் பாரும். கம்பெனிக்குப் பேர் கெட்டுப் போகும். இனி நீர் வேலைக்கு வரவேண்டாம்."

"என்னில என்ன சந்தேகம் இருந்தது உங்களுக்கு? அதை மட்டும் சொல்லுங்கோ, போறன்."

"இப்ப உதெல்லாம் ஏன்..."

"இல்லை, சொல்லுங்கோ. எழுதிக் குடுத்தனீங்கள் தானே. என்ன கண்டனீங்கள்?"

"நீர் என்னை எல்லாருக்கும் முன்னால சிறுமைப்படுத்தினனீர்," என்றார் மனேஜர்.

"அது சந்தேகமில்லை, கோவம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பொலிசில போய் எழுதிக் குடுத்திருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மனிதர் அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல ஏப்பம் விட்டதையும் நான் பார்த்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு அக்கா களத்துக்குப் போனார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. நானா வேறு பேச்சில்லாமல் கதிரையை இழுத்துப் போட்டார்.

களத்தில் சுண்டெலி செத்துப்போயிருந்தார்.

என் பதிவுக்குப் பிறகு, யாரோ 'நம்பத்தகுந்த இடத்திலிருந்து' கேள்விப்பட்டதாக எழுதியிருந்தார். கண்டியில் சுண்டெலியைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்களாம். அதற்கடியில் அஞ்சலிகள். எரியும் மெழுகுவர்த்திப் படங்கள். மின்னல்வேந்தன் ஒரு நீண்ட கவிதையே எழுதியிருந்தார். தானும் சுண்டெலியும் தோளோடு தோள் நின்று தமிழுக்காக உழைத்ததாக அதில் வந்தது. துரோகி என்று திட்டியவர்கள் இப்போது 'எங்கள் அறிவுச்சுடர்' என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா ஒற்றைக் கையால் அடித்தார்: "நான் சாகவில்லை. இந்தச் செய்தியை யார் சொன்னது?"

பதில்கள் அந்தக் கணமே வரத் தொடங்கின. நீ யார், இறந்தவரின் கணக்குக்குள் எப்படி நுழைந்தாய்? ஆதாரம் காட்டு. அக்கா தான் ஒரு பெண் என்றும், பிடிபட்டு விடுபட்டு வந்ததாகவும் எழுதினார். அதுதான் போதாத காலம். சுண்டெலி அண்ணை ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும், உளவுக்காரன் மாட்டிக்கொண்டான் என்று மின்னல்வேந்தன் வெற்றி முழக்கம் போட்டார். பிடித்தவர்கள் இவ்வளவு சுலபமாக விடுவார்களா என்று இன்னொருவர் கேட்டார். உயிரோடு வந்ததே அவர்களுக்குக் குற்றமாகிவிட்டது. கடைசியில், மறைந்தவரின் மதிப்பைக் காக்கும் பொருட்டு இந்தக் கணக்கு மூடப்படுகிறது என்று களத்தை நடத்துகிறவர் அறிவித்தார். அக்கா மறுபடி உள்ளே போக முயன்றார். கணக்கு திறக்கவில்லை.

"நான் எழுதுறேங்கக்கா. நான்தான் உங்களப் பத்தி முதல்ல எழுதுனவ. நான் சொன்னா நம்புவாங்க," என்றேன். விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"வேண்டாம் பிள்ளை." திரையில் மெழுகுவர்த்தி அணையாமல் ஆடிக்கொண்டிருந்தது. "செத்தவையோட ஒருத்தரும் வாதாட மாட்டினம். கும்பிட்டுப் போட்டுப் போயிடுவினம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

அன்றுதான் அவர் குரல் உடைந்து கேட்டேன். நிலையத்தில் உடையவில்லை, மனேஜர் அறையில் உடையவில்லை.

கொஞ்ச நாளில் அக்கா கொழும்பில் ஒரு வேலை தேடிக்கொண்டு போனார். சில காலம் தொலைபேசியில் பேசினோம். பிறகு நம்பர் மாறிவிட்டது. இன்று எந்த நாட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னவர்களை நான் நம்பவும் இல்லை.

ஆனால் கண்டியை விட்டுப் போகுமுன் ஒரு காரியம் செய்தார். ஒரு காலை என்னையும் கூட்டிக்கொண்டு அதே பொலிஸ் நிலையத்துக்குப் போனார். போகிற வழியெல்லாம் வேண்டாம் என்றேன். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் அவரை அடையாளம் கண்டு திகைத்தான். கம்ப்ளெய்ன்ட் கொடுக்க வந்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்லை. உங்கள் மற்றக் கணினிகளுக்கும் தமிழ் எழுத்துரு ஏற்ற வந்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றில்தான் ஏற்றினோம்," என்றார் அக்கா.

அதற்கு அனுமதி வேண்டும், மேலிடத்தில் கேட்க வேண்டும், பிளொப்பியை வைத்துவிட்டுப் போ என்றார் அவர். அக்கா போகவில்லை. முன்பு அவரை உட்கார்த்தி வைத்திருந்த அதே வாங்கில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். வெளியே பெருமழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. அக்கா வாசலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வெளியே போய் வந்தார். இரண்டு தடவையும் நாங்கள் அங்கேயே இருந்தோம். கடைசியில் கையை அசைத்து, "செய்துவிட்டுத் தொலை," என்றார்.

அக்கா எழுந்து ஒவ்வொரு கணினியாகப் போனார். ஏற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு வரி தமிழில் அடித்து, சரியாகத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இனி வாசித்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்," என்றார்.

பிறகு குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.